பதினோராவது மில்

எதையும் தொடுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். ரேஷன் கார்டைத் திருத்தக் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் நாலு ஜெராக்ஸ். மிக்சி ஓடவில்லை என்றால் கழற்றுவதற்கு முன்னால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தாளில் வரைந்துகொள்வார், அந்தத் தாளையும் இரண்டாக எழுதிக்கொள்வார். கல்யாணமான புதிதில் நான் சிரித்தால், "ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு இருக்கோணுமல்ல அம்மணி" என்பார்.

அவர் பெயர் ஆறுச்சாமி. சூலூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவரின் மகன். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு, கோவிந்தராஜுலு என்பவர் கணபதியில் ஒரு மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்த கம்பெனியில் சேர்ந்தார். நூல் மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற கம்பெனி. நான் எட்டாவதோடு நின்று ஒரு மில்லில் பேக்கிங்கில் இருந்தேன். சீட்டு அடிக்கிற மிஷினை மாட்ட அங்கே வந்தவர், ஆறு மாதம் கழித்து அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூலின் தடிமனுக்கு ஒரு நம்பர் உண்டு. நாற்பது, அறுபது என்று. அதை கவுண்ட் என்பார்கள். நூல் உருளைகளை மூட்டையில் அடுக்கி, மேலே கவுண்ட் அச்சடித்த சீட்டை ஒட்டிவிட்டால், அப்புறம் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாற்பது மூட்டையில் அறுபது சீட்டு ஒட்டிவிட்டால் தறியில் துணி முழுக்கக் கெட்டுப்போகும். எந்த மில்லிலும் இதைவிடப் பெரிய தப்புக் கிடையாது. கவுண்ட் கலந்துவிட்டாள் என்று பெயர் வாங்கியவளை அடுத்த மில்லும் உள்ளே விடாது.

அவர் முதல் மில்லுக்கு எழுதிய சாஃப்ட்வேரை அப்படியே நகல் எடுத்து, அடுத்த மில்லுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக் கொடுப்பார். மில்லுக்கு மில் வழக்கம் வேறு. ஒருத்தர் சீட்டின் மூலையில் வேல் போடச் சொல்வார். இன்னொருத்தர் ஷிப்டை அரை மணி முன்னால் தள்ளச் சொல்வார். எல்லாரும் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்வார்கள்: "எங்களுது எங்களுக்குத் தனியா இருக்கோணுங்க." இப்படிப் பதினோரு மில்லுக்குப் பதினோரு நகல் ஆயிற்று.

போன வருஷம் முதலாளி கோவிந்தராஜுலுவின் மகன் ரவிதேஜா பெங்களூரிலிருந்து வந்து கம்பெனியைக் கையில் எடுத்தார். நல்ல பிள்ளை. வந்ததும் ஒரு டூலை வாங்கிப் போட்டார். சாஃப்ட்வேருக்காக எழுதுகிற வரிகளைக் கோட் என்பார்கள்; அந்த டூல் எல்லா கோடையும் தானே படிக்குமாம். எங்கெங்கே ஒரே விஷயம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது, எங்கே கிளைக்குமேல் கிளையாகப் பிரிந்து சிக்கலாகக் கிடக்கிறது என்று எண்ணிச் சொல்லுமாம். நன்றாக இருந்தால் பச்சை, மோசமாக இருந்தால் சிவப்பு.

அன்று சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார்.

"என்னுது மொத்தமும் செவப்புங்க அம்மணி. நூத்துக்கு அறுபத்தி நாலு ஒண்ணையே திருப்பித் திருப்பி எழுதினதாமா. புதுசா வந்திருக்கற மேக்னாப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஏனுங்ணா, உங்க பேரைத் தட்டினா ஸ்கிரீன்ல தக்காளிச் சட்னி கொட்டுனாப்பல ஆகுதுங்ணா'ன்னுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இட்லி கொண்டா, தொட்டுக்கலாம்னேன்."

ரவிதேஜா மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். "அண்ணா, பதினோரு நகலையும் ஒண்ணாச் சேர்த்திருங்க. மில்லுக்கு மில் வித்தியாசம் இருக்கறத மட்டும் தனியா வெச்சுக்கலாம். ஒரு இடத்துல திருத்தினா எல்லா மில்லுக்கும் திருந்தோணும்." இவரும் சரி என்றார். அந்த டூலின் மேல் அவருக்குக் கோபமில்லை. அது சொல்வது நியாயம் என்றே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டூல் கொடுத்த பட்டியலை ஹாலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தாளில் பார்த்தால்தான் மனசில் ஏறும். சீட்டுக்குக் கவுண்ட் நம்பரை எடுத்துக் கொடுக்கிற பகுதியைப் பதினோரு மில்லுக்கும் பக்கம் பக்கமாக வைத்து டூல் ஒப்பிட்டிருந்தது. பத்து மில்லுக்கு நேராக ஒற்றுமை நூற்றுக்கு நூறு என்று இருந்தது. பதினோராவதுக்கு நேராகத் தொண்ணூற்றேழு.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பென்சிலால் வரி வரியாகப் போனார். ஓரிடத்தில் பென்சில் நின்றது. மறுபடி மேலே போய் ஆரம்பித்தார். அங்கேயே நின்றது. கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"நாலு வரி இல்ல சாந்தா."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பல்லடம் பக்கத்து மில் ஒன்றில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கவுண்டும் மாறினால், முதல் ஏழெட்டுச் சீட்டில் பழைய நம்பரே விழும். அதைத் தடுக்கத்தான் அந்த நாலு வரி. அப்போதெல்லாம் மில்லிலேயே உட்கார்ந்து திருத்தி, திருத்தியதை ஆபீசுக்கு எடுத்து வருவார். வண்டியில் ஒவ்வொரு மில்லாகப் போனார். பதினோராவது மில்லுக்குப் போன அன்று மாரியம்மன் நோம்பிக்கு லீவு விட்டிருந்தார்கள். வாட்ச்மேன் வியாழக்கிழமை வரச் சொன்னார். அந்த வியாழக்கிழமை எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்; அப்புறம் அந்த மில் விட்டுப்போயிற்று. தேதியை என் ஆஸ்பத்திரி ஃபைலில் பிற்பாடு நானே பார்த்தேன். அவர் அதை இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

பதினோராவது மில்லில் அப்போது நாற்பது மட்டுமே ஓடியது. கவுண்ட் மாறாததால் கோளாறும் தெரியவில்லை. ஆறு வருஷம் கழித்து அங்கே அறுபதும் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த மாதமே எட்டு மூட்டை கலந்துபோனது. அப்புறம் ஷிப்ட் மாறும்போது கவுண்டை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டதால் அது மறுபடி நடக்கவில்லை.

மில்லில் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், சாஃப்ட்வேரில் தப்பு இருக்குமா என்று. இவர் ஆபீசில் முதல் மில்லின் கோடைத் திறந்து பார்த்தார். நாலு வரியும் இருந்தது. எல்லாம் நகல்தானே, ஒன்றைப் பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டார். மில்லுக்குப் போய், 'சாஃப்ட்வேரில் பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள் என்று வீட்டில் வந்து சொன்னார். "சீட்டு என்ன வந்துச்சோ அதத்தானுங்க ஒட்டினேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பெயர் பழனியாத்தாள். அன்றே, ஷிப்டில் இருந்த எல்லார் முன்னாலும் வைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் அந்தப் பெயர் எனக்கு மறக்கவில்லை.

இப்போது இரண்டு பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அந்த அக்கா ஒட்டினது சரிதானுங்க" என்றேன்.

"ஆமா" என்றார்.  முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆபீசில் போய்ச் சொல்லி, மில்லுக்கு உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறார். ரவிதேஜா கேட்டுவிட்டு, "கோடைத் திருத்திருங்கண்ணா. சேர்த்துட்டா அந்த நகலே இருக்காது. மில்லுக்கு எதுக்குங்க லெட்டர்? ரெண்டரை வருஷம் ஆச்சு" என்றார். பெரியவர் கோவிந்தராஜுலுவும் கூப்பிட்டனுப்பினார். "ஆறுச்சாமி, மத்த பத்து மில்லும் கேட்டா நான் என்னப்பா சொல்லட்டும்? உனக்கு அந்த ஒருத்தி பாவம்னா, இங்க இருபது பேரு வேல பாக்கறாங்க. அதையும் நெனச்சுப் பாரு." அவர் சொன்னதும் பொய்யில்லை.

இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள், "நீயும் வாரியா?" என்று கேட்டார். நான் எங்கேயும் போகிறவளில்லை. புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டேன்.

மில் வாட்ச்மேன் சொன்ன அடையாளத்தை வைத்துச் சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் காங்கேயம் போனோம். ஊருக்கு வெளியே ஒரு தேங்காய்க் களம். சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். யார் பழனியாத்தாள் என்று இவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த அக்காவுக்கு இவரைத் தெரியவில்லை.

"ஏனுங்க, எண்ணெய் மில்லுக்குப் பருப்பு வாங்க வந்தீங்களா? மேனேஜர் சாப்பிடப் போயிருக்கறாரு."

இவர் சொன்னார். நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நாலு வரி, நோம்பி, நகல், கையெழுத்து. ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லவில்லை. அந்த அக்கா கையில் அரிவாளோடு கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண், "என்னடி பழனி, கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கறாங்களா?" என்று கேலியாகக் கேட்டாள். 

அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நான் மாத்தி ஒட்டலீங்களா?"

"இல்லீங்க."

"நெசமாவா?"

"நெசமாங்க. சீட்டே தப்பா வந்துதுங்க."

"நான்தான் மாத்தி ஒட்டிப்போட்டேனாட்ட இருக்குதுன்னே நெனச்சுப்போட்டனுங்க." என்றார் அக்கா. "மொதல்ல இல்லவே இல்லைன்னேன். கம்ப்யூட்டர்க்காரர் எழுதியே குடுத்துட்டாருன்னாங்க. அப்புறமேட்டு, படிச்சவுங்க பொய் சொல்லுவாங்களா, நம்ம கண்ணுதான் அவிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். இப்பக்கூடப் பஸ்ஸுல ஏறறப்ப போர்டை ரெண்டு பேருகிட்டக் கேட்டுத்தானுங்க ஏறறேன்."

இவர் கும்பிட்டார். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை, தட்டவும் இல்லை.

நான் பக்கத்தில் போய், "அக்கா, நானும் பேக்கிங்ல இருந்தவதான்" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உனக்குத் தெரியுமல்ல கண்ணு" என்றார். நான் தலையாட்டினேன்.

வேலை வேண்டும், நஷ்ட ஈடு வேண்டும் என்றெல்லாம் அக்கா கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். "என்னைய எல்லார் முன்னாலயும்தானே அனுப்புனாங்க? அதே மாதிரி எல்லார் முன்னாலயும் படிக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிசம்தானே ஆகும்."

இவர் அன்றே தமிழில் எழுதினார். பிழை என்னுடையது, பழனியாத்தாள் ஒட்டியது சரி, முன்பு நான் கொடுத்த கடிதம் தவறு என்று. கம்பெனித் தாளில் எழுத அனுமதி இல்லாததால் வெள்ளைத் தாளில் எழுதி, மறுநாள் மில்லுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மில் மேனேஜர் படித்தார். "இதென்னுங்க இப்ப வந்து? அந்த ஆளுகளே பாதிப் பேரு இப்ப இல்ல. ஓடற மில்லுல நின்னு இதையெல்லாம் படிச்சுட்டு இருப்பாங்களா?" என்று சொல்லிக் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். இவர் மூன்று தடவை திரும்பப் போனார். மூன்றாவது தடவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் அந்த மில் வேறு கம்பெனியின் சாஃப்ட்வேருக்கு மாறிக்கொண்டது. ரவிதேஜா வீட்டுக்கே வந்தார். நான் வைத்த காபியைக் குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அண்ணா, உங்கள இனியும் வேலைல வெச்சுக்க அப்பாவால முடியலீங்க" என்றார். "தெரியுதுங்க தம்பி" என்றார் இவர். கடைசி மாதம் முழுக்க உட்கார்ந்து மீதிப் பத்து மில்லின் நகல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். மேக்னாப் பொண்ணு போன் பண்ணியது. "அண்ணா, எல்லாம் பச்சையாயிருச்சுங்ணா" என்று சொல்லிவிட்டு அழுததாம். சட்னி என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டதாம்.

இவர் இப்போது ஒண்டிப்புதூரில் ஒரு மோட்டார் பம்புக் கடையில் பில் போடுகிறார். நாற்பத்தேழு வயசில் வேறு கம்பெனி எடுக்கவில்லை. பழனியாத்தாள் அக்கா காங்கேயம் களத்திலேதான் தேங்காய் உடைக்கிறார். நான் மாதம் ஒரு தடவை போனில் பேசுகிறேன். போன மாதமும், "படிச்சாங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடிதம் இன்னும் யார் முன்னாலும் படிக்கப்படவில்லை. அந்த மில்லில் விசாரித்தால், கவுண்டைக் கலந்தது பழனியாத்தாள் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.