ஓவியத்துக்குத் திசை பார்த்தவன்

போன வருடம் ஜூன் மாதம், மழை விடாமல் கொட்டிய ஒரு சனிக்கிழமை. ஆக்லாந்தில் நாங்கள் சொந்த வீடு தேடத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருபத்தாறு வீடு பார்த்து, இருபத்தாறையும் வேண்டாம் என்று சொன்ன பெருமை எனக்கே. கூரை, ஈரம், வாசல் என்று ஏதாவது ஒன்று இடிக்கும். போகும் வீட்டிலெல்லாம் போனில் திசைகாட்டியைத் திறந்து பிடித்தபடி நடப்பேன். சிக்னல் தேடுகிறேன் என்று தரகர்கள் பரிதாபப்படுவார்கள்.

அன்று காலை கிளென்ஃபீல்டில் பார்த்த வீடு மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. விலை சொல்லி ஆஃபர் கொடுக்க மாலை நாலு மணிவரைதான் கெடு. நான் வழக்கம்போல "தெற்கு வாசல்" என்று உதட்டைப் பிதுக்கினேன். கார் சிட்டிக்குள் வந்ததும் அவள், "கொஞ்ச நேரம் வீடே இல்லாத இடத்துக்குப் போகலாம்" என்றாள். ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தோம்.

என் கெட்ட நேரம், முதல் அறையிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியம் ஒன்று. கிராமத்து வீடுகள் நாலைந்து, முன்னால் சேற்றுப் பாதை.

வாய் சும்மா இருக்குமா? "கூரை தொங்குது. சுவர் பூரா ஈரம். மரம் வெயிலை மறைக்குது" என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா, வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனை எடுத்து ஓவியத்துக்கு நேரே நீட்டினேன். பிரான்சில் இருக்கும் வீட்டுக்கு ஆக்லாந்து சுவரில் திசை பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"இதையும் வேணாம்னுட்டீங்களா?" என்றாள் மனைவி.

எங்கள் பேச்சைக் கேட்டபடி பின்னால் நின்ற காவல் பணிப்பெண், யாழ்ப்பாணத் தமிழில், "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அது விக்கிறதுக்கு இல்லை" என்றார். பிறகு மனமிரங்கி, "கூரை மோசம்தான். ஆனா புகை வருது, பாத்தனீங்களோ? உள்ளுக்கு ஆரோ சமைக்கினம்" என்றார்.

புகைக்கூண்டின் மேல் மெல்லிய சாம்பல் நிறக் கீற்று. அதை மட்டும் நான் பார்க்கவே இல்லை. திரும்பினால், மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றே முக்கால்.

வெளியே ஓடித் தரகரைப் போனில் பிடித்து, அதிலேயே கையெழுத்துப் போட்டு, நாலுக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஆஃபரை அனுப்பினோம். வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. ஆஃபர் காலையிலேயே வந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம் என்றார் தரகர், வெகு மரியாதையாக.

இப்போது ஹென்டர்சனில் இருக்கிறோம். வீட்டைத் தேர்ந்தெடுத்தது மனைவி. ஆயிரம் குறை கண்டுபிடித்த நான், உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எட்டு மாதத்தில் அவளை ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை நினைத்தால், இன்றும் எரிச்சல் வருவது என் மேல்தான்.