நீல விரிப்புக்கு முன் ஒரு படம்

எங்கள் ஸ்ரூடியோவுக்கு வார இறுதி வேலைக்கு வரும் மாணவர்கள், கலியாணப் படத்துக்கும் விளையாட்டுப் படத்துக்கும் என்ன வேறுபாடு என்று என்னிடம் கேட்பதுண்டு. லென்ஸ், ஷட்டர் வேகம் என்று இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடுவேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் அந்தப் பதில் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதை எழுதுகிறேன்.

1. கை உயர்த்துதல்

இலக்கியப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், பாரிஸின் லா சப்பலில் இருக்கும் நேசன் அண்ணையின் ஸ்ரூடியோவில் சேர்ந்தேன். கலியாணம், சாமத்தியவீடு என்னும் பூப்பு விழா, கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் நன்மை, பிறந்தநாள் ஆகியவையே எங்கள் தொழில். அங்கே நான் முதலில் கற்றது, கமெராவைப் பிடிப்பதற்கு முன் கையை உயர்த்துவதை. எங்கள் மண்டபங்களில் படக்காரர் கை உயர்த்தினால் எல்லாரும் நிற்பார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்துவார். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி திரும்பிப் பார்ப்பார்.

"ஐயா, ஒருக்காப் பொறுங்கோ. தம்பி, அப்பிடியே பிடியும். பொம்பிளை, இஞ்சை பாருங்கோ. சரி… இன்னொண்டு, சேவ்ற்றிக்கு!" முதல் படம் பிசகினாலும் காவலுக்கு ஒன்று இருக்கட்டும் என்பதே அந்தச் 'சேவ்ற்றி'.

லெ பிளாங்-மெனிலில் ஒரு கலியாணத்தில், கெட்டிமேளம் நீண்டுகொண்டே போக, நாதஸ்வரக்காரர் குழலை எடுத்துவிட்டுக் கத்தினார்: "அண்ணை, எனக்கு மூச்சு போகுது, கெதியா எடுத்து முடியுங்கோ!" மண்டபமே சிரித்தது. நேசன் அண்ணை சிரிக்கவில்லை. இன்னொரு படம் எடுத்தார். அந்த அதிகாரத்தை எவரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எவரும் மறுத்ததும் இல்லை.

2. புதிய வேலை

ஒரு கோடையில், பந்தயப் படங்கள் எடுத்து விற்கும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று ஆள் போதாமல் எங்களை அழைத்தது. நெடுந்தூர ட்ரயத்லான். ஏரியில் ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீந்தி, நூற்றெண்பது கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, அதன் பின் முழு மரதன் ஓட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர எல்லை உண்டு; அதைத் தாண்டியவர் அங்கேயே விலக்கப்படுவார். நிறுவனம் படக்காரர்களுக்கு அனுப்பிய குறிப்புகளை நான் படித்து அவருக்குச் சொன்னேன்.

"அண்ணை, ஓடுற ஆக்களோடை கதைக்கக் கூடாதாம்."

"கதைக்காமல் எப்பிடிப் பிள்ளை படம் எடுக்கிறது? சொல்லாட்டி எல்லாரும் நிலத்தை எல்லோ பாப்பினம்."

"பாக்கிறபடியே எடுக்கட்டாம்."

"பிறகு ஆர் அதைக் காசு குடுத்து வாங்கிறது?" என்றார். "பிரெஞ்சுக்காரருக்குப் படம் எடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

அந்த வாரம் ஜெயசீலன் என்பவர் மகளின் முதல் நன்மை அல்பத்தை எடுக்க மனைவியுடன் கடைக்கு வந்தார். மன்னாரைச் சேர்ந்தவர், கூசேன்விலில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றும் வேலை செய்தார். நாங்கள் போகும் அதே பந்தயத்துக்குத் தானும் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். முந்தைய ஆண்டும் போயிருக்கிறார். பாதி ஏரியில் அவர் களைத்துப்போக, பாதுகாப்புப் படகில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"மன்னார் ஆள் எண்டிறீர், நீந்தத் தெரியாதோ?" என்று நேசன் அண்ணை சீண்டினார்.

"எங்கடை ஆக்கள் வள்ளத்திலை போறவை அண்ணை, தண்ணிக்குள்ளாலை போறேல்லை. நான் இஞ்சை வந்து பிசீனிலை, நீச்சல் குளத்திலைதான் பழகினனான்."

"பூசையிலை காணேலாது, பிசீனிலைதான் காணலாம் இந்த மனுசனை," என்றார் அவர் மனைவி மெற்றில்டா.

ஜெயசீலன் சிரித்தார். பிறகு, அல்பத்தின் அட்டையைத் தடவியபடி, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தத் தண்ணியை மட்டும் நேரத்துக்கு முடிச்சிட்டன் எண்டால் காணும். சைக்கிளிலை ஏறினாப் பிறகு என்னை ஆரும் இறக்கேலாது."

3. ஏரிக்கரை

நேசன் அண்ணைக்கு நீர்விளிம்பில் இடம். எனக்கு மேட்டின் உச்சியில், ஒரு நீல விரிப்பின் அருகில். வீரரின் கணுக்காலில் கட்டியிருக்கும், நேரம் கணிக்கும் மின்னணுச் சிப்பை அந்த விரிப்பே பதிவு செய்கிறது. நீச்சல் தண்ணீரோடு முடிவதில்லை, புல்மேட்டில் ஏறி அந்த விரிப்பை மிதிக்கும்போதே முடிகிறது என்பதை, அங்கே நின்று பார்த்தபோதுதான் நான் அறிந்தேன். எங்களுக்கு வந்த குறிப்புகளில் அது இல்லை. கீழே நின்ற நேசன் அண்ணை அதை அறிய வழியில்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்தவர் நீந்தி முடித்துவிட்டார் என்றே எவரும் எண்ணுவார்கள்.

விரிப்பின் பக்கத்தில் பெரிய எண்களுடன் ஒரு கடிகாரம். ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்ட பெண் நடுவர் ஒருவர் அதனருகில் நின்றார். நேரம் முடியும் தறுவாயில், பின்தங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளாடி ஏறினார்கள். கீழே, வேலிக்குப் பின்னால் மெற்றில்டாவும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள்.

ஜெயசீலன் எழுந்து வந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் ஒருமுறை விழுந்து, மறுபடி எழுந்து, கரையை மிதித்தார். மக்கள் கைதட்டினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் இருந்தது. அதிகமில்லை, ஆனால் இருந்தது. நீண்ட லென்ஸில் அவருடைய முகத்தைப் பிடித்தேன். அந்தச் சட்டத்துக்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஜெயசீலன், நில்லும்! இஞ்சை பாரும்!"

மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் அது. அவர் நின்றார். ஒரு கணமும் தயங்கவில்லை. மகளின் முதல் நன்மையன்று கோயிலில் எப்படி நின்றிருப்பாரோ, அப்படியே நின்று கமெராவைப் பார்த்துச் சிரித்தார்.

"மோனைத் தூக்கும். மெற்றில்டா, கிட்ட வாங்கோ. கையை எடுங்கோ, முகம் மறைக்குது."

மகன் வேலிக்கு மேலாகத் தந்தையின் தோளுக்கு வந்தான். மெற்றில்டா சால்வை நுனியால் கணவரின் நெற்றியைத் துடைத்தார்.

"ஓடுங்கோ! மேலை ஓடி வாங்கோ!" என்று நான் கத்தினேன். அதற்கு முன் வேலையிடத்தில் நான் குரல் உயர்த்தியதில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சரி… இன்னொண்டு, சேவ்ற்றிக்கு."

ஊதல் ஒலித்தது.

ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்தார். மகனை இறக்கிவிட்டு ஓடினார். ஈரப் புல்லில் வழுக்கி, கையூன்றி ஏறி, விரிப்பை மிதித்தார். என் விரல் ஷட்டரில் இருந்தது. அது தன் வேலையைச் செய்தது. நடுவர் குனிந்து, அவருடைய கணுக்காலிலிருந்து சிப்பைக் கழற்றினார். "முடிந்தது, மிசியே," என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்.

அவர் நிற்காமல் வந்திருந்தால் நேரத்துக்குள் வந்திருப்பார். இதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

நேசன் அண்ணை மூச்சிரைக்க ஏறி வந்தார். "மதாம், அவரில்லை, நான், நான்தான் நிப்பாட்டினனான்," என்று தமிழும் பிரெஞ்சும் கலந்து மன்றாடினார். நான் மொழிபெயர்த்தேன். நடுவர் முழுவதையும் கேட்டார். வருந்துகிறேன் என்றார். சிப்பைப் பெட்டிக்குள் போட்டார்.

ஜெயசீலன் அண்ணையின் தோளைத் தொட்டார். "விடுங்கோ அண்ணை. படம் வடிவாய் வந்ததோ?"

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நேசன் அண்ணைக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். சைக்கிள்கள் வைத்திருந்த நீண்ட வரிசைகள் அநேகமாக வெறுமையாகிவிட்டிருந்தன. அவர் தன்னுடையதை எடுத்து, ஏறாமல், உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். நீங்கள் போகவில்லையா அப்பா என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். "இல்லை, அம்மா," என்று அவர் தமிழில் சொன்னார்.

4. கடையில்

அன்று நாங்கள் எடுத்த படங்களில் மிகச் சிறந்தது அந்தக் குடும்பப் படமே. நீர் சொட்டும் முகம், தோளில் மகன், நெற்றியில் மனைவியின் கை. ஒளி ஏரியின் பக்கமிருந்து சரியாக விழுந்திருந்தது. நேசன் அண்ணை அதைப் பெரிதாக அச்சிட்டு, தன் கையாலேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்.

ஜெயசீலன் தனியாக வந்தார். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய் இருக்கு. மெற்றில்டா விரும்புவா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் மேலை நிண்டனீங்கள் எல்லோ. நான் அந்த விரிப்பிலை கால் வைச்சது இருக்கோ?"

நேரம் கடந்து வந்தவர்களின் படங்கள் தேவையில்லை என்று நிறுவனம் சொல்லியிருந்தது. இருந்தும் நான் அதை அழிக்கவில்லை. திரையில் காட்டினேன். வாய் கோணியிருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. ஒரு கால் நீல விரிப்பில் பதிந்திருந்தது. கீழ் மூலையில், சிப்பைக் கழற்ற நீளும் நடுவரின் கை.

"இது சரியில்லை ஐசே," என்றார் நேசன் அண்ணை. "முகமே ஒழுங்காய் இல்லை."

"நான் தண்ணியை முடிச்சன் எண்டதுக்கு என்னட்டை வேறை ஒண்டும் இல்லை அண்ணை."

நேசன் அண்ணை கணினியின் முன் அமர்ந்தார். பழக்கத்தில் அவருடைய கை படத்தின் மூலைக்குப் போயிற்று. "அந்த மனுசியின்ரை கையை வெட்டிவிடட்டோ?"

"வேண்டாம். இருக்கட்டும்."

நேசன் அண்ணை அதை முழுதாகவே அச்சுக்குக் கொடுத்தார். படம் வந்ததும், அடுத்த வருடம் போவீரோ என்று நேசன் அண்ணை கேட்டார். "பாப்பம் அண்ணை," என்றார் ஜெயசீலன். அவர் போகவில்லை. அதற்கடுத்த ஆண்டும் போகவில்லை. அந்தப் பந்தயத்துக்கு நான் இன்றுவரை போகிறேன். ஒவ்வொரு முறையும் பெயர்ப்பட்டியலில் அவரைத் தேடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. மண்டபத்தில் உங்கள் கைக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். ஐயர்கூட விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். பந்தயப் பாதையில் போகிறவர் இழந்த நேரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அவரை நிறுத்தாதீர்கள். முகம் கோணலாக வந்தால், கோணலாகவே வரட்டும்.