தலைகீழாய் நின்ற பூசையறை நிலை

எங்கள் வீட்டுப் பூசையறை வாசல்நிலையை என் அண்ணன் செய்துவைத்த கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முருகன் சந்நிதியில் எத்தனையோ கோபத்தை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். இது மட்டும் கூடவே திரும்பி வந்துவிடுகிறது.

அந்த ஐப்பசியில் தாமிரபரணி கரை மீறி, ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவுக்குள் ஏறி, வீட்டுக்குள்ளும் வந்து நின்றது. தண்ணீர் வடிந்ததும் வண்டலை வழித்துக் கொட்டினோம். ஆனால் பூசையறை வாசலின் நிலைக்கால்கள் இரண்டும் அடியில் ஊறிப்போயிருந்தன. ஈரத்தின் பின்னாலேயே கரையான் ஏறியது. ஒரு சாண் உயரத்துக்கு மரம் மாவாகிவிட்டது. அதற்கு மேலே நல்ல தேக்கு, தட்டினால் வெண்கலம் போலச் சத்தம் வரும்.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுப் பெண் மணமேடைக்குப் புறப்படுமுன் அந்த வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் புறப்படுவாள். என் அக்காமார் அப்படித்தான் போனார்கள். அதனால் ஆசாரியைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன்: "கெட்ட அடியை அறுத்துட்டு, பழந்தேக்குல புதுக் கால் செஞ்சு பொருத்தும். பையச் செஞ்சாப் போதும். கல்யாணத்துக்கு நின்னாச் சரி." அவரும் தலையாட்டினார். நான் வேண்டுதலுக்காகத் திருச்செந்தூருக்கு நடந்து போனேன். வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்னார். நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது நிலை பச்சை வர்ணம் பூசிப் பளபளவென்று நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். குளித்து விபூதி பூசிக்கொண்டு, கோயில் பிரசாதத்தை உள்ளே வைக்குமுன் வாசலில் மாவிலை கட்டலாம் என்று கையை உயர்த்தினேன். கயிறு கட்டுகிற ஆணியைக் காணோம். தடவிப் பார்த்தேன், ஆணி இருந்த குழியும் இல்லை. குனிந்து தேடினால் என் கணுக்கால் பக்கத்தில், வர்ணத்துக்கு அடியில், அரக்கு வைத்து அடைத்த குழி. மறுபக்கத்திலும் அப்படியே.

காட்டில் மரம் எப்படி நின்றதோ அப்படித்தான் வீட்டிலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. தூணானாலும் நிலையானாலும் அதைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் மரத்தை நிறுத்துவதில்லை. இங்கே சாமி இருக்கிற அறைக்கே மரத்தைத் தலைகீழாக்கி, செல்லரித்த அடியை மேலே ஏற்றி, அரக்கையும் மரத்தூளையும் குழைத்து அப்பி மூடியிருக்கிறார்கள்.

ஆசாரியை வரவழைத்துக் கேட்டேன். "பெரியவுக சொன்னாக" என்றார்.

"உம்ம வீட்டு நிலைய இப்படி வைப்பீரா?"

"வைக்க மாட்டேன் ஐயா."

அந்தப் பதிலில் எனக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். "ஏலே, அவரை ஏன் வெரட்டுத? சம்பந்திக்காரங்க வீடு பாக்க வாராங்கன்னு ஆள் வந்துச்சு. அழுகின காலைக் காட்டச் சொல்லுதியா? மரத்துக்குத் தலை எது, கால் எது?"

"அப்ப நீங்களும் தலைகீழா நின்னு சாமி கும்பிடுங்க அண்ணே. சம்பந்திக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"வாய் நீளுது லே."

முருகனின் வேலையும் சாமி படங்களையும் எடுத்து, பட்டாசல் என்கிற முன்கூடத்தில் பலகை போட்டு வைத்தேன். கடப்பாரையை எடுத்து வந்து நெம்பினேன். பெரிதாகப் பலம் போடவே இல்லை, அரக்கு பொலபொலவென்று உதிர்ந்தது, மேல்கட்டை ஒருபக்கமாகச் சரிந்தது. ஆசாரி ஓடிவந்து தோள் கொடுத்துத் தாங்கினார். அதற்கு நேர் கீழேதான் என் பிள்ளை விழுந்து கும்பிட்டிருப்பாள். அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இப்ப ஓட்ட வாசலால்லா நிக்கி. அவங்க கேட்டா என்ன சொல்ல?"

கல்யாணத்துக்குள் பழந்தேக்கு கிடைக்கவில்லை. வாசல் நிலையில்லாமல் வெறும் திறப்பாகவே இருந்தது. மகள் பட்டாசலில் பலகைக்கு முன்னால் விழுந்து எழுந்தாள். "அப்பா, சாமி எங்கன இருந்தா என்ன, நான் கும்பிடுதேன்" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். என் முகம் அவ்வளவு கடுகடுப்பாக இருந்திருக்கிறது.

பங்குனியில் ஆசாரி கூப்பிடாமலே வந்தார். புதுக் கால் பொருத்தி, வர்ணத்தைச் சுரண்டி, வேர்ப்பக்கம் கீழே வருமாறு நிறுத்தினார். ஆணியும் பழைய குழியிலேயே ஏறியது. சித்திரை விசுவுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் நேரே போய் அந்த வாசலில் விழுந்து கும்பிட்டாள்.

அண்ணன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அதான் கும்பிட்டாச்சுல்லா. இன்னும் எதுக்குலே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இது வந்த பிள்ளை கும்பிட்டது அண்ணே" என்றேன். "போற பிள்ளை கும்பிடாமத்தான் போச்சு."

சொல்லிவிட்டு, காய்ந்த மாவிலையை அவிழ்க்கப் போய்விட்டேன்.