சந்தனத்துக்கு அடியில் இருந்த பெயர்

கோணல்மாணலான இந்த எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நோட்டில் நான் எழுதுவதை மாலை வகுப்பு டீச்சர் படம் பிடித்து இங்கே போடுகிறார். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

புரட்டாசி அமாவாசை அன்று ஜீவனஹள்ளியில் இருக்கும் என் வீட்டிலிருந்து, நகரத்தின் மறுபக்கம் உள்ள அடுகோடிக்குப் போனேன். அங்கே அண்ணி இருக்கிறார். அண்ணன் காலமாகிவிட்டார். அண்ணியின் சாமி மாடத்தில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெண்கல வட்டம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் சண்டைக்குப் போன என் தாத்தா திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாக வெள்ளைக்கார சர்க்கார் அனுப்பிய அதுதான் வந்தது. சூலம் பிடித்த ஒரு பெண், பக்கத்தில் சிங்கம். நூறு வருஷமாக எங்களுக்கு அது அம்மன்.

தாத்தாவின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் போனபோது அப்பா கைக்குழந்தை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அப்பாவின் அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அமாவாசைக்கு இலை போட்டு, "பேர் தெரியாத பெரியவரே வாங்க" என்றுதான் கூப்பிடுவோம். அந்த வட்டத்தில் இறந்தவரின் பெயர் இங்கிலீஷில் இருக்கும் என்று டீச்சர் சொன்னார். இருபத்தாறு பெரிய எழுத்துகளையும் கற்றுக்கொடுத்தார். இந்த முறையாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கிளம்பினேன்.

காலை 9.10க்கு பஸ். சிவாஜிநகர் வரை 12 ரூபாய், அங்கிருந்து அடுகோடிக்கு 18. மொத்தம் ஒன்பது கிலோமீட்டர்தான். டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். சிவாஜிநகரில் பஸ்ஸின் இங்கிலீஷ் போர்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். "சரியாத்தான் இருக்குது தாத்தா, ஏறுங்க. வண்டி பொறப்படணும்" என்றார் கண்டக்டர். சந்தோஷத்தில் சில்லறை வாங்க மறந்தேன்; அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

வட்டத்தைக் கையில் வாங்கியதும் மனம் சோர்ந்துவிட்டது. வாராவாரம் புளி போட்டுத் தேய்த்ததில் அம்மனுக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. ஓரத்து எழுத்துகள் பாதி போயிருந்தன. வலப்பக்கம் சின்னப் பெட்டி மாதிரி ஒரு கட்டம். அதன்மேல் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. இதை ஏன் தேய்ப்பதில்லை என்று கேட்டேன்.

"அது மாமியார் முறை தம்பி. மொதல் பொட்டு பெட்டிக்கு, அப்புறம்தான் அம்மனுக்கு. பெட்டியில புளி படக்கூடாதுன்னு அவங்க மாமியார் சொன்னாங்களாம்."

அண்ணியின் மாமியார் என் அம்மா. அம்மாவின் மாமியார்தான் புருஷன் பெயரைக் கடைசிவரை சொல்லாதவர். பெயர் இருக்கும் இடத்தை யாரோ அவருக்கு விரல் வைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

ஈரத்துணியை அதன்மேல் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். சந்தனம் ஊறி வந்தது. அடியில் எழுத்துகள் தேயாமல் இருந்தன. பி, ஓ, என், என், ஏ, என். மூன்று தடவை கூட்டிப் படித்தேன்.

பொன்னன்.

அந்தப் பெண் அம்மன் இல்லை, வெள்ளைக்காரன் தன் நாட்டைப் பெண்ணாக வரைந்தது என்று டீச்சர் சொன்னதையும் அண்ணியிடம் சொன்னேன்.

"யாரா இருந்தா என்ன? நூறு வருஷமா நம்ம வீட்டுப் படையலைச் சாப்பிட்டிருக்கா. இப்ப போய் வேத்து ஆளுன்றியா?"

இலை போட்டோம். தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அண்ணியிடம் சொன்னேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நம்ம வீட்டுப் பெரியவர் பேர நான் எப்படிச் சொல்றது? நீ சொல்லு." நான் சொன்னேன். பிறகு அண்ணி சந்தனம் குழைத்து, முதல் பொட்டை அந்தப் பெயர்மேலேயே வைத்தார். மறுபடியும் மறைந்துபோகுமே என்றேன். மாமியார் வைத்த இடத்தைத் தன்னால் மாற்ற முடியாது என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி வட்டம் இருந்தால் புளி, சாம்பல் வேண்டாம். ஈரத்துணி போதும். பிறகு மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், எழுத்து தாளில் வரும். அதைப் பார்க்க என்னைப்போல் பஸ்ஸில் போவதானால், டிராஃபிக்குக்கு முன் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி அடுகோடி போகிறேன். மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார் அண்ணி. கோணினாலும் பரவாயில்லையாம். எழுதிவிட்டு, எப்படி வந்தது என்று உங்களுக்கும் எழுதுகிறேன்.