ஸ்டெல்லாவைத் திரும்பக் கூட்டிவரப் போன வார இறுதி

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் சசெக்ஸ் கவுண்டிக்குப் போனதற்கு ஊருக்குச் சொன்ன காரணம், இலைகள் நிறம் மாறுவதைப் பார்ப்பது. உண்மைக் காரணம் ஸ்டெல்லா. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஏழு வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் ஜெரால்டு முன்பு இரண்டு வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்த கல்சுவரும் பச்சை மேடுகளும் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. இந்த ஏப்ரலில் நியூ ஜெர்சியின் வடகோடியில் அதே மாதிரி ஒரு வீட்டை நாலு ஏக்கரோடு வாங்கிவிட்டார். கவுண்டியின் பெயரும் இங்கிலாந்துப் பெயர் என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டெல்லாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "பேச ஒரு ஆள் இல்லடி. கிறிஸ்துமஸுக்குள்ள வீட்டை வித்துட்டு அங்கயே வந்துடறேன்" என்று போனில் அழுதாள். "ரெண்டு நாள் வந்து தங்கி அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்று ஜெரால்டு எங்களைக் கூப்பிட்டார். எடுத்துச் சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் நினைத்த பக்கம் இல்லை. எனக்கு அவள் திரும்பி வர வேண்டும்.

காலை 8.40-க்கு நானும் கணவரும் மகளும் கிளம்பினோம். 287-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே, பிறகு 206. மொத்தம் 65 மைல், டோல் கிடையாது. செஸ்டர் தாண்டி ஒரு பண்ணைக் கடையில் ஆப்பிள் சைடர் டோனட் டஜன் 14 டாலர். கார்டு வாங்க மாட்டார்கள். என் கணவர் முரளி மூன்றை நின்ற இடத்திலேயே முடித்தார். ஏதோ பஞ்சம் பிடித்த இடத்துக்குப் போவதுபோல் நான் கட்டி எடுத்துவந்த புளியோதரை பின்சீட்டில் அப்படியே இருந்தது. 10.50-க்குப் போய்ச் சேர்ந்தோம்.

மே மாதம் புதுவீட்டு ஜெபத்துக்கு வந்தபோது கூட்டத்தில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் வீடு அழகாக இருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் தண்டவாளத்தை எடுத்துவிட்ட பழைய ரயில் பாதையில் நாலு மைல் நடை. பார்க்கிங் இலவசம், பாதை சமதளம், குழந்தைகளுக்கும் ஏற்றது. நடக்கும்போதே என் பிரச்சாரத்தை ஆரம்பித்தேன். எங்கள் வரிசையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, புது மளிகைக் கடையில் வாழைப்பூகூடக் கிடைக்கிறது என்று அடுக்கினேன். ஸ்டெல்லா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முரளி என்னை முறைத்தார்.

திரும்பியதும் ஜெரால்டு, "ஷூவை மட்ரூம்ல வைங்க" என்றார். வாசலை ஒட்டிக் கோட்டும் காலணியும் வைக்கிற சின்ன அறை அது. அங்கிருந்து நேர் எதிரே மாதா படம். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் மூன்று ஜோடியையும் வெளிப் படியிலேயே வரிசையாக விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை 7.15-க்குப் பார்த்தால் மூன்று ஷூதான் இருக்கிறது. ஜோடிக்கு ஒன்று காணோம். "மாம், ஹூ ஸ்டீல்ஸ் ஒன்லி ஒன்?" என்று கேட்டாள் என் ஒன்பது வயது மகள் மித்ரா.

"நரி" என்றார் ஜெரால்டு, சிரிப்பை அடக்கியபடி. "பக்கத்துப் பண்ணைக் கொட்டகைக்கு அடியில இருக்கு. அங்க கேட்டுப் பாருங்க."

ஸ்டெல்லா முகம் சுருங்கியது. "ஆறு மாசமா நம்ம பக்கம் எட்டிப் பார்க்காதவங்க. அவங்க வாசல்ல போய் ஷூ கேக்கறதா?"

"எனக்கு ஷூ வேணும். நீ சும்மா கூட வா, நான் பேசிக்கறேன்" என்று ஜெரால்டின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவளை இழுத்துப் போனேன். பத்தாம் நம்பர் பூட்ஸ். கால் மைல் தூரம் தடக் தடக் என்று நடந்தேன்.

கதவைத் திறந்தவர் பெக்கி. ஐம்பது வயதிருக்கும், தனியாகப் பன்னிரண்டு ஆடு வளர்க்கிறார். நான் ஃபாக்ஸ் என்றதுமே சிரித்துவிட்டு, நரி தூக்கிவந்து போட்டதையெல்லாம் சேர்த்துவைத்த ஒரு வாளியைக் கொண்டுவந்து கொட்டினார். எங்கள் மூன்றும் இருந்தன. ஜூனில் காணாமல் போய், ஜெரால்டுதான் தொலைத்தார் என்று ஸ்டெல்லா இன்றுவரை சண்டை போடும் நீலச் செருப்பும் இருந்தது.

"மே மாதம் உங்கள் வீட்டில் முப்பது கார் பார்த்தேன். இவ்வளவு சொந்தம் உள்ளவர்களுக்கு நான் எதற்கு, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்" என்றார் பெக்கி ஆங்கிலத்தில்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். வீட்டு ஜெபத்துக்கு 65 மைல் தள்ளியிருந்து எண்பது பேரை வரவழைத்தாள். வேலியைத் தாண்டி இருந்த ஒருவரைக் கூப்பிடவில்லை. அந்த எண்பதில் நானும் ஒருத்தி, பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கலந்ததே நான்தான். எனக்கும் தோன்றவில்லை.

பிறகு இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். ஸ்டெல்லா ஆட்டுக்குத் தீனி போட்டாள், பால் கறக்கத் தெரியாமல் கறந்தாள், வயிறு குலுங்கச் சிரித்தாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இலை நிறத்துக்கு அக்டோபர் இரண்டாம் வாரம் சரியான நேரம். போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், மேப்பை முன்பே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள். புல்லில் நடந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள், எங்கள் புளியோதரையில் பாதி பெக்கியின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

மூன்றரைக்குக் கிளம்பினோம். கார் ஜன்னலில் சாய்ந்து நின்ற ஸ்டெல்லாவிடம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எப்போ வீட்டை விக்க லிஸ்ட் பண்றீங்க?"

"மார்ச்ல நாலு ஆடு குட்டி போடுதாம். பெக்கி தனியா சமாளிக்க முடியாது" என்றாள்.

"அப்போ கிறிஸ்துமஸ்?"

"கிறிஸ்துமஸுக்கு நீங்க இங்க வாங்க. பெக்கியையும் கூப்பிட்டிருக்கேன்."

ஜெரால்டு வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, 206 வரும்வரை அழுதேன். 287-இல் ஏறியதும் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது: பெக்கியும் அவளும், நடுவில் ஒரு ஆடு. மூன்று பேரும் நன்றாக இருந்தார்கள்.