‘லி’ போடாத இடம்

“ஸ்லோ இல்லீங்க, ஸ்லோலி. ‘ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி’. எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று போனில் சொல்லிக்கொண்டே முருங்கைக்கீரை உருவுகிறார் நஜ்மா டீச்சர். மறுமுனையில் கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்காக அந்த ஒரு வாக்கியத்தை நான்காவது முறையாகச் சொல்கிறார். “இப்ப சரி” என்ற பிறகுதான் அடுத்த கொத்தை எடுக்கிறார் டீச்சர்.

கூத்தாநல்லூரில் இவர் வசிக்கும் தெருவில் பன்னிரண்டு வீடுகள். ஐந்தில்தான் ஆள் இருக்கிறது. சபராளிகளாக வெளிநாடு போன ஆண்களைத் தொடர்ந்து குடும்பங்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. இருபது வருடம் தனியார் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தார். மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டார். இப்போது பாடமெல்லாம் போனில்தான். ஆளுக்கு இருபது நிமிடம்.

“ஒரு நாளைக்கு எட்டுப் பேரு ‘ஹவ் ஆர் யூ’ன்னு என்னைக் கேக்கறாங்க. எட்டும் பாடம்” என்கிறார், பார்க்க வந்திருக்கும் என்னிடம்.

கல்யாண வலிமா விருந்துகளில் இவர் பக்கத்தில் உட்காரச் சிலர் தயங்குவார்கள். பிரியாணியை வாயில் வைத்ததும் “டேஸ்ட்ஸ் குட்” என்பார். யாராவது “‘வெல்’ இல்லையா டீச்சர்?” என்று கேட்டுவிட்டால் சோறு ஆறும்வரை விளக்கம் நடக்கும்.

“தமிழுதான் நம்மளக் கவுக்குது. நாம ‘வருத்தமா இருக்கு’ங்கறோம். அந்த ‘மா’வக் கேட்டதும் இங்கிலீஷ்ல ஒரு ‘லி’யக் கொண்டாந்து ஒட்டிடறாங்க. ஓடுறது, எழுதுறது, வண்டி ஓட்டுறது, அதுக்கெல்லாம் ‘லி’ போடலாம். மனசு எப்படி இருக்குன்னு சொல்றப்ப போடக்கூடாது. அங்க வேலை எதுவும் நடக்கல. ஆளு அப்படி இருக்காரு, அவ்வளவுதான்.” பெயரடை, வினையடை என்ற சொற்கள் இவர் வாயில் வருவதே இல்லை.

முதல் மாணவர் கணவர் ஃபாஜில்தான். கல்யாணமான புதிதில் அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து புருணைக்கு அனுப்பிவைத்தார். அதற்காகவே இருவரும் கடிதங்களை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்கள். வாட்ஸ்அப் வந்த பின்னும் அப்படியே. இவர் தப்பைத் திருத்துவார். அவர் “தேங்க்ஸ் டீச்சர்” என்று பதில் போடுவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். “கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். எல்லாத்தையும் சேத்தா ரெண்டு வருஷம் ஒண்ணா இருந்திருப்போம்.”

இந்தப் பங்குனியில் ஒரேயடியாக ஊர் திரும்புவதாக இருந்தார். டீச்சர் வீட்டுக்கு வெள்ளையடித்தார். கொல்லைப்பக்கக் குளியலறைக்கு வெந்நீர் மெஷின் வாங்கி மாட்டினார். மாசிக் கடைசியில் ஒரு நாள் மதியம் செய்தி வந்தது. அங்கே கடையில் பங்கு கொடுத்திருக்கிறார்களாம். கடைசி வரி: ‘ஐ வில் ஸ்டே ஹியர் பர்மனென்ட்.’

நீயும் வா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

“என்ன பதில் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“பர்மனென்ட்லின்னு போட்டேன். தங்குறதுக்கு ‘லி’ வேணுமில்ல?” கீரைக் காம்புகளைக் கூட்டி ஒதுக்கினார். “தேங்க்ஸ் டீச்சர்னு வந்துச்சு.”

அன்று மூன்று மணிக்கு ஈஸ்வரிக்குப் பாடம். திருக்கடையூர் லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருக்கும் பெண். பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் பேச வேண்டும். அறை காலி இல்லை என்றால் எப்படி வருத்தம் தெரிவிப்பது என்பது அன்றைய பாடம்.

“‘ஐ ஃபீல் பேட்லி’ன்னு சொல்லலாங்களா மேடம்?” என்று கேட்டிருக்கிறாள்.

“பேட் மட்டும் போதும்மா” என்று சொல்லி, வழக்கமான விளக்கத்தைத் தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை.

“அழுவுறீங்களா மேடம்?”

“பாட நேரத்துல தமிழ் கூடாது. இங்கிலீஷ்ல கேளு.”

ஈஸ்வரி வார்த்தை தேடினாள். “ஆர் யூ... சேட், மேடம்? இல்ல, சேட்லியா?”

“சேட்தாம்மா. கரெக்டா சொன்னே” என்றாராம் டீச்சர். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு எழுந்து டீ போட்டுக் கொடுத்தார். நான் புறப்பட்டபோது, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், வலிக்கும் மூட்டோடு பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார். மன்னார்குடி பஸ் உடனே வந்துவிட்டது. ஏறி, சன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். டீச்சர் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நிழற்குடைக்குள் போய் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். பையோடு வந்த யாரோ ஒரு பெண்ணுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.