டயலை மாற்றாதே என்றது யார்?

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. மகர்பட்டா ஆபீஸில் மீட்டிங் நடுவே போன். கேம்ப் ஏரியாவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கரீம் பாய்.

"மேடம், பாபா ஆயே தே. டயல் மத் பதல்னா, போலா."

பாபா வந்திருந்தாராம். டயலை மாற்றாதே என்றாராம். மராத்தி பேசும் ஊரில் பாபா என்றால் அப்பா. என் அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது!

விஷயம் இதுதான். அப்பாவின் பழைய வாட்ச், அம்மாவுக்குப் பிறகு என்னிடம் வந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிற ரகம். அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கையில் அதைக் கட்டிப் பார்க்க ஆசை. ஆனால் டயல் முழுக்கப் பழுப்புக் கறை... அப்பாவின் வியர்வை இறங்கிய கறை. அப்படியே கொடுத்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? கறையை எடுத்துவிட்டால் அது அப்பாவுடைய வாட்ச்தானா? ஒரு வாரம் மண்டையைக் குடைந்து, கடைசியில் புது டயல் போடச் சொல்லிவிட்டேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் புத்தி வேலை செய்தது. நாங்கள் வளர்ந்தது கோர்படி ரயில்வே காலனியில். கன்டோன்மென்ட் பக்கத்து ஹிந்தியில் வீட்டுப் பையனையும் பாபா என்றுதான் கூப்பிடுவார்கள். என் தம்பி செல்வினுக்கு நாற்பத்தைந்து வயதாகியும் கரீம் பாய்க்கு அவன் பாபாதான். அட, இவன் வேலையா! பயம் போய்க் கோபம் வந்தது. போனைப் போட்டேன்.

"ஏல, எங்கிட்ட கேக்காம கடைக்குப் போயி என்ன சொன்ன?"

"எக்கா, நான் மஸ்கட்லல்லா இருக்கேன். எந்தக் கடை? நீ ஒழுங்கா தூங்குனியா?"

மதியம் ரிக்‌ஷா பிடித்துக் கடைக்கு ஓடினேன். கரீம் பாய்க்கு வயது எண்பதை நெருங்குகிறது. கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டால் வாட்ச் தெரியும், எதிரே நிற்கிற ஆள் தெரியாது. வந்தவர் முகத்தை அவர் பார்க்கவே இல்லையாம், குரலை வைத்துத்தான் பாபா என்றாராம். வந்தவர் ஓடிக்கொண்டிருந்த வாட்ச்சை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாராம். டயல் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

எந்தக் காதில்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரயில்வே ஷெட் சத்தத்தில் அப்பாவுக்கு வலது காது போய்விட்டது. வாட்ச்சை இடது காதில்தான் வைத்துப் பார்ப்பார்.

வேறு யாருடைய பாபாவோ, வேறு எந்த வாட்ச்சையோ சொல்லியிருப்பார் என்கிறார் என் கணவர். கரீம் பாய் மேஜையில் வாட்ச்சுக்கா பஞ்சம்? இருக்கலாம்... நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கறையோடு வாங்கி வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு அப்படியேதான் கட்டப்போகிறேன். சம்பந்தி வீட்டில் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

உயிரோடு இருந்தவரை அப்பா சொன்ன ஒன்றையாவது நான் கேட்டிருக்கிறேனா? — இதையாவது கேட்போமே.